ஸ்ரீபெரும்புதூரை எதைக் கொண்டு அளப்பது?

தமிழ்நாட்டின் மின்னணுப் பொருள் ஏற்றுமதி 2022-23இல் ஏறத்தாழ 537 கோடி டாலராக இருந்தது; 2024-25இல் 1,465 கோடியாக உயர்ந்திருக்கிறது. பெருமைப்பட வேண்டிய செய்திதான். ஆனால் 2006இல் நோக்கியாவின் செல்பேசி ஆலை ஸ்ரீபெரும்புதூருக்கு வந்தபோதும் நாம் இப்படித்தான் பூரித்தோம். வரித் தகராறில் சொத்துகள் முடக்கப்பட்ட அந்த ஆலை, மைக்ரோசாஃப்டுக்குக் கைமாறிய தொழிலோடு சேராமல் தனித்துவிடப்பட்டு, 2014 நவம்பர் 1 அன்று உற்பத்தியை நிறுத்தியது. அதன் ஆர்டர்களை நம்பியிருந்த, பிற நிறுவனங்களுக்காக மின்னணுப் பொருள்களைச் செய்துதரும் ஃபாக்ஸ்கானின் பிரிவும் சில மாதங்களில் மூடப்பட்டது.

அதே வட்டாரத்தில் ஹூண்டாய் 1998 முதல் இடைவிடாமல் கார் செய்துவருகிறது. காரின் இருக்கையையும் பம்பரையும் கடல் கடந்து ஏற்றிவந்தால் கட்டுப்படியாகாது என்பதால், கொரிய உதிரிபாக நிறுவனங்களும் உடன் வந்து பக்கத்திலேயே ஆலை போட்டன. செல்பேசியின் சிப்பும் கேமராவும் திரையுமோ விமானத்தில் வரும் அட்டைப்பெட்டிக்குள் அடங்கிவிடும். அவற்றைச் செய்பவர் இங்கே குடியேற வேண்டிய கட்டாயமே இல்லை. சார்ஜர் செய்யும் சால்காம்ப் போன்ற சிலர் வந்தார்கள். பூட்டிக் கிடந்த நோக்கியா ஆலையைப் பின்னர் வாங்கியதும் அதே சால்காம்ப்தான் என்பது தற்செயல் அல்ல, உதிரிபாகம் செய்பவரே இங்கே வேர்விடுகிறார் என்றே நினைக்கிறேன்.

ஆகவே, உதிரிபாக உற்பத்திக்காக ஒன்றிய அரசு 2025இல் ஒதுக்கிய 22,919 கோடி ரூபாயையும், அதையொட்டி மாநில அரசு அறிவித்த திட்டத்தையும், புதிய செல்பேசி ஆலைகளைவிட முக்கியமானவையாகக் கருதுகிறேன்.

இன்னொரு குறை பணத்தால் மட்டும் தீராது. ஸ்ரீபெரும்புதூரை அடுத்த சுங்குவார்சத்திரத்தில் ஷிப்ட் மாறும் நேரத்தில் நின்று பாருங்கள்: வரிசையாக வரும் கம்பெனி பேருந்துகளில், கழுத்து அடையாள அட்டையைக்கூடக் கழற்றாமல் ஜன்னலில் தலைசாய்த்து உறங்கும் இளம்பெண்கள். இவர்களைப் போன்றவர்களுக்காக அதே வட்டாரத்தின் வல்லம் வடகாலில் 706 கோடி ரூபாய்க்கு மேல் செலவிட்டு 18,720 படுக்கைகளுடன் 2024இல் விடுதி திறக்கப்பட்டதை மனதார வரவேற்கிறேன். ஆனால் விடுதிக் கட்டிலில் குடும்பம் நடத்த முடியாது. திருமணமானதும் ஊருக்குத் திரும்பும் பெண்ணோடு, அவள் ஆலையின் உற்பத்தி வரிசையில் (லைனில்) கற்ற கைத்திறனும் பேருந்து ஏறிவிடுகிறது. அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டியவர் பிற்பாடு சொந்தப் பட்டறை போட்ட கதைகள் ஏராளம். இங்கே லைன் லீடருக்கு மேல் ஏறிய பெண்ணைத் தேட வேண்டியிருக்கிறது.

வேலைக்குச் சேர்ந்த பெண்களில் எத்தனை பேர் முப்பது வயதிலும் இதே தொழிலில் நீடிக்கிறார்கள் என்ற கணக்கையும், ஏற்றுமதிக் கணக்கு வெளியிடும் அதே நாளில் தொழில்துறை வெளியிட வேண்டும்.