தனி ஐபி தேவையில்லை

ஒரே அப்பாச்சி வெப் சர்வரில் பல டொமைன்களை வைக்கும்போது, "ஒவ்வொரு டொமைனுக்கும் தனி ஐபி (இணைய முகவரி எண்) வாங்கினால்தான் எச்டிடிபிஎஸ் (பாதுகாப்பான இணைப்பு) வேலை செய்யும்" என்று சிலர் சொல்வது தவறு. தயவுசெய்து இதை நம்பி யாரும் காசு செலவழிக்காதீர்கள். 2009-இல் வந்த அப்பாச்சி 2.2.12 முதலே எஸ்என்ஐ வசதி (ஒரே ஐபியில் பல டொமைன்களுக்குத் தனித்தனி சான்றிதழ் தரும் முறை) உண்டு. டிஎல்எஸ் இணைப்பு (எச்டிடிபிஎஸ் பயன்படுத்தும் மறையாக்க இணைப்பு) தொடங்கும்போதே பிரவுசர் டொமைன் பெயரைச் சொல்லிவிடும். அதற்கேற்ற சான்றிதழை சர்வர் எடுத்துக் கொடுக்கும்.

இரண்டாவது டொமைனைத் திறந்தாலும் முதல் தளமே வருகிறது என்றால் காரணம் வேறு. கேட்ட பெயர் கான்ஃபிக் கோப்புகளில் எந்த சர்வர்நேம் (தளத்தின் முதன்மைப் பெயர்), சர்வர்அலியாஸ் (மாற்றுப் பெயர்கள்) வரியிலும் இல்லாவிட்டால், அந்த போர்ட்டில் முதலில் படிக்கப்பட்ட பிளாக்கே (ஒரு தளத்துக்கான அமைப்புப் பகுதி) பதில் தரும். உபுண்டுவில் கோப்புகள் அகரவரிசைப்படி படிக்கப்படுவதால் 000 என்று தொடங்கும் டீஃபால்ட் கோப்பு முந்திக்கொள்ளும். டபிள்யூடபிள்யூடபிள்யூ சேர்த்த பெயரை அலியாஸில் எழுத மறந்தாலே இது நடக்கும்.

இன்னொன்று: ஒரு பிளாக்கில் *:443 (எந்த ஐபியானாலும் எச்டிடிபிஎஸ் போர்ட் 443), மற்றொன்றில் ஐபி எண்ணுடன் :443 என்று கலந்து எழுதாதீர்கள். அந்த ஐபிக்கு வரும் கோரிக்கையில் எண் எழுதிய பிளாக்குகளை மட்டுமே அப்பாச்சி பார்க்கும். நட்சத்திரக் குறி போட்டதை எட்டிக்கூடப் பார்க்காது.

அப்பாச்சி2சிடிஎல் கட்டளையைப் பெரிய எழுத்து -எஸ் சேர்த்து ஓட்டுங்கள். எந்தப் பெயர் எந்தக் கோப்பில் எத்தனையாவது வரியில் இருக்கிறது, எது டீஃபால்ட் என்று அப்படியே காட்டும். திருத்தியதும் கான்ஃபிக்டெஸ்ட் (கோப்புகளில் எழுத்துப் பிழை உள்ளதா என்று பார்க்கும் சோதனை) ஓட்டுங்கள், 'சின்டாக்ஸ் ஓகே' வந்தபின் ரீலோடு போதும்.