காசு கொடுத்து வாங்கிய துரு

அத்தை: உன் பொம்மை ரயில் பெட்டி எல்லாவற்றையும் சவர்க்காரம் போட்டுக் கழுவி வைத்திருக்கிறேன் குமார். என்னா அழுக்கு!

குமார்: ஐயோ அத்தை! அது அழுக்கு இல்லை, பவுடர்!

அத்தை: கறுப்புப் பவுடரா? எந்த மூஞ்சிக்கு?

குமார்: கறுப்பு, என்ஜின் கூரைக்குப் புகைக்கரி. காவி, பெட்டிக்குத் துரு. சக்கரத்துப் பக்கம் பிரேக் தூசு. பிரஷால் தொட்டுத் தொட்டுப் பூசினேன்.

அத்தை: கொழும்புச் சம்பளத்தில் துருவையா வாங்கினாய்?

குமார்: வெளிநாட்டுச் சரக்கு அத்தை.

அத்தை: நம் கூரைத் தகரத்தைத் தட்டினால் ஒரு சுளகு நிறைய விழுமே. முன்னாடியே சொல்லியிருந்தால் ஏற்றுமதி பண்ணியிருக்கலாம்.

குமார்: இது மாவாக அரைத்த நிறம். பளபளப்பில் ஒட்டாது. முதலில் மேட் வார்னிஷ், அப்புறம் பவுடர், அது உதிராமல் இருக்க மேலே லேசாக இன்னொரு வார்னிஷ். நம் நானுஓயா மலை ஈரக்காற்றில் அடித்தால் வெள்ளை பூத்துவிடும், வெயில் வரட்டும் என்று பார்த்தேன். அதற்குள்...

அத்தை: நம் காம்பரா அறைச் சுவரில் வார்னிஷ் இல்லாமலே பூக்கிறது. அது எந்த நாட்டுச் சரக்கு?

குமார்: நல்லவேளை, நான் செய்த லயத்தை, அந்தத் தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டுப் பொம்மையைக் கழுவவில்லை. பாருங்கள், நிஜ அளவில் எண்பத்தேழில் ஒரு பங்கு. 1885இல் இங்கே ரயில் வந்த காலத்து லயம் மாதிரி இருக்கிறதா?

அத்தை: நாம் இருக்கிறதே அந்தக் காலத்து லயம்தானே. ஆனால் இது தப்பு. துரு ஆணி ஓட்டையில்தான் முதலில் பிடிக்கும், அங்கேயிருந்து கோடு கோடாக வழியும். நீ விபூதி மாதிரி அப்பியிருக்கிறாய். அடுப்புப் புகை ஏறுகிற இடத்தில் கரி எங்கே? தகரம் பறக்காமல் மேலே வைக்கிற கல், டயர் ஒன்றையும் காணோம்.

குமார்: அட, டயர்! பிரமாதமாக இருக்கும் அத்தை!

அத்தை: இருக்கும், இருக்கும். எல்ல ஊருக்குப் போகிற ரயிலில் தொங்குகிறவர்களும் நம் கூரையைத்தான் படம் பிடிக்கிறார்கள். ஒருத்தர் நடந்தே வந்து "பழைய நிறம் என்ன அழகு" என்றார். மழை வருகிறது, ராத்திரி தங்கிப் பாருங்கள் என்றேன். ஆளைக் காணோம்.

குமார்: சரி, பெட்டிக்கெல்லாம் மறுபடி துரு பூச வேண்டும்.

அத்தை: பூசு, பூசு. கூரை மாற்ற அளவெடுக்கத் தோட்ட ஆபீஸிலிருந்து திரும்பவும் வருகிறார்களாம். எத்தனை தடவைதான் அளப்பார்கள்? அளந்து அளந்து அந்த டேப்பே துருப்பிடித்துவிட்டது.

குமார்: அது என்ன நிறத் துரு அத்தை?