உதரவிதான ஓட்டை: பிறந்த அன்றே ஆபரேஷன் செய்யாதது தவறா?

"உதரவிதானத்தில் ஓட்டையோடு பிறந்த குழந்தைக்கு அன்றே ஆபரேஷன் செய்தால் பிழைத்துவிடும், பில் ஏற்றத்தான் டாக்டர்கள் நாள் கடத்துகிறார்கள்" என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. தவறு. இதை நம்பிக் குழந்தையை வேறு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினால் வழியிலேயே நிலைமை மோசமாகலாம்.

நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசைத்திரைதான் உதரவிதானம். கருவில் அது முழுதாக மூடாமல் போனால், பெரும்பாலும் இடப்பக்கம், குடல் மேலேறி நெஞ்சுக்குள் உட்கார்ந்துகொள்ளும், அந்த நெருக்கடியில் நுரையீரல் சரியாக வளராது. ஆபரேஷன் ஓட்டையை அடைக்கும், சரி, வளராத நுரையீரலை அன்றே வளர்த்துவிடுமா? 1980கள் வரை உடனே அறுத்துத்தான் பார்த்தார்கள். அவசரத்தால் பலன் கூடவில்லை என்று தெரிந்த பிறகே காத்திருக்கும் முறை வந்தது.

காத்திருக்கும் அந்த நாட்களில் யாரும் சும்மா இருப்பதில்லை. மூச்சுக்குழாயில் டியூப், வென்டிலேட்டர், குடலில் காற்று சேர்ந்து நுரையீரலை இன்னும் நெருக்காமல் இருக்க மூக்கு அல்லது வாய் வழியாக வயிற்றுக்குள் ஒரு மெல்லிய குழாய். நுரையீரல் ரத்தக் குழாய்களில் அழுத்தம் இறங்கி, ஆக்சிஜன் நிலையானதும் குடலைக் கீழே இறக்கி ஓட்டையைத் தைப்பார்கள். பெரிய ஓட்டை என்றால் செயற்கை ஒட்டு வைப்பார்கள். சந்தேகமா, "இன்று ஆக்சிஜன் எப்படி, நுரையீரல் அழுத்தம் குறைந்ததா?" என்று டாக்டரிடமே கேளுங்கள்.