பாண்டுக்குப் பிரீமியம் கட்டினால் பொறுப்பு தீராது

"பிரீமியம் கட்டியாச்சு, வேலை நின்றுபோனால் உத்தரவாத நிறுவனமே நஷ்டத்தை ஏற்கும், ஒப்பந்ததாரர் எதுவும் தர வேண்டியதில்லை" என்று கட்டுமான பாண்டு (ஒப்பந்ததாரர் வேலையை முடிப்பார் என்று உத்தரவாத நிறுவனம் வேலை கொடுத்தவருக்குத் தரும் உறுதிப் பத்திரம்) பற்றி ஒரு தகவல் சுற்றுகிறது. தவறு. பாண்டு ஒப்பந்ததாரருக்கான காப்பீடு அல்ல, வேலை கொடுத்தவருக்கான பாதுகாப்பு.

பாண்டு வாங்கும்போது கையெழுத்துப் போட்ட ஈட்டுறுதிப் பத்திரத்தை எடுத்துப் பாருங்கள். நிறுவனம் கொடுக்கும் தொகையை, பெரும்பாலும் வக்கீல் செலவோடு, நீங்கள் திருப்பித் தருவதாக அதில் இருக்கும். பங்குதாரர்கள் சொந்தப் பெயரிலும் கையெழுத்திட்டிருந்தால் குடியிருக்கும் வீடுகூடச் சிக்கலாம். சுற்றும் தகவல் இதை மறைப்பதுதான் எனக்குப் பெரிய கவலை.

அப்புறம், நிறுவனம் கொடுத்ததையெல்லாம் கேள்வியின்றி வசூலித்துவிடலாம் என்பதும் சரியல்ல. நேர்மையில்லாமல் கொடுத்ததை எதிர்க்கலாம். வேலை கொடுத்தவரின் கோரிக்கை வந்ததுமே உங்கள் மறுப்பை, செய்த வேலையின் அளவுப் பதிவுகள், பில் நகல்களோடு நிறுவனத்துக்கு எழுத்தில் அனுப்புங்கள்.