கிணற்றுத் தண்ணீர் என்பதற்காகப் புது மீனை உடனே தொட்டியில் விடலாமா?

“குளோரின் கலந்த குழாய்த் தண்ணீருக்குத்தான் புது மீனைப் பழக்க வேண்டும், யாழ்ப்பாணத்துக் கிணற்றுத் தண்ணீரென்றால் பையை வெட்டி நேரே ஊற்றிவிடலாம்” என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் குறிப்பு பாதிதான் சரி. அண்மையில் குளோரின் இட்டுத் துப்புரவாக்காத கிணற்றில் அது இராது என்பது உண்மையே. ஆனால் குடாநாட்டின் நிலத்தடி நீர் சுண்ணாம்புக்கல் பாறையில் தேங்கி நிற்பதால் கடினத்தன்மை மிகுந்தது, அதாவது கரைந்த சுண்ணாம்பு உப்புகள் அதில் அதிகம். கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படிவது அந்தச் சுண்ணாம்புதான். அவ்வுப்புகள் குறைந்த மென்னீரில் வளர்ந்து இங்கு வந்துசேரும் நியோன் டெட்ரா போன்ற மீன், கரைந்த உப்புகளின் அளவு சட்டென்று மாறும்போது உடலின் நீர்ச் சமநிலை குலைந்து, அன்றே இல்லாவிட்டாலும் இரண்டு மூன்று நாளில் சாகக்கூடும். பழியோ பெரும்பாலும் கடைக்காரர் தலையில் விழும்.

ஆகவே, கட்டவிழ்க்காத பையை 15 முதல் 20 நிமிடம் தொட்டியில் மிதக்கவிட்டு வெப்பநிலையைச் சமப்படுத்திய பின், அதைத் திறந்து, 5 நிமிடத்துக்கு ஒருமுறை அரைக் கோப்பை தொட்டித் தண்ணீராக, அரை மணி நேரமாவது சேர்த்துவர வேண்டும். பிறகு மீனை மட்டும் வலையால் எடுத்து விட வேண்டும். மீனின் கழிவிலிருந்து வந்த அமோனியா கலந்த பைத் தண்ணீர் தொட்டிக்குள் போகக் கூடாது. அன்று விளக்கை அணைத்து, தீனி போடாமல் விடுவது நல்லது. கப்பி மீனுக்கு இந்தக் கடின நீர் நன்றாகவே ஒத்துவரும். அதற்கும் மாற்றம் மெதுவாகத்தான் நடக்க வேண்டும்.