எத்தனை எக்ஸ் ஜூம் என்பதை விடுங்கள், அப்பர்ச்சரைப் பாருங்கள்

டிஎஸ்எல்ஆருக்கு ஜூம் லென்ஸ் தேடுபவர்கள் முதலில் கேட்பது "எத்தனை எக்ஸ்?" என்றுதான். பெரிய எண்ணைச் சிறிய எண்ணால் வகுத்தால் வருவதுதான் எக்ஸ். 18-55 மி.மீ. லென்ஸ் 3 எக்ஸ். 70-200 மி.மீ. லென்ஸும் கிட்டத்தட்ட 3 எக்ஸ்தான். ஒன்று அறை முழுவதையும் அடக்கும், இன்னொன்று மைதானத்தின் அந்தப் பக்கத்தில் இருப்பவரின் முகத்தைப் பிடிக்கும். எக்ஸை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

லென்ஸின் முன்வளையத்தில் 1:3.5-5.6 என்று போட்டிருக்கும் பாருங்கள், அதுதான் அப்பர்ச்சர், அதாவது வெளிச்சத்துக்காக லென்ஸ் எவ்வளவு திறக்கும் என்ற அளவு. எண் சிறிதானால் திறப்பு பெரிது. அதில் முழு ஜூமுக்கான கடைசி எண்தான் முக்கியம். கேமராவோடு வரும் 18-55 கிட் லென்ஸை 55க்குக் கொண்டுபோனால் எஃப் 5.6க்கு மேல் திறக்காது. 17-50 எஃப் 2.8 லென்ஸோ கடைசி வரை 2.8தான். இரண்டுக்கும் இடையே இரண்டு ஸ்டாப், அதாவது நான்கு மடங்கு வெளிச்சம். வீட்டுக்குள் விளையாடும் குழந்தையை 2.8இல் 1/200 நொடியில் எடுக்கலாம் என்றால், அதே ஐஎஸ்ஓவில் (சென்சாரின் ஒளியுணர்திறன்) 5.6க்கு 1/50தான் கிடைக்கும். முகம் ஓரளவு தேறும், ஆட்டுகிற கை கலங்கிவிடும். ஸ்டெபிலைசர் இருக்கிறதே என்பார்கள். அது நம் கை நடுக்கத்தைத்தான் சரிக்கட்டும், எதிரே ஓடுகிறவரை நிறுத்தாது. 1/200 வேண்டுமென்றால் ஐஎஸ்ஓவை 1600இலிருந்து 6400க்கு ஏற்றியாக வேண்டும்.

18-300 போன்ற ஒரே லென்ஸ், பகல் வெளிச்சத்தில் பயணம் போகிறவர்களுக்கு நல்லதுதான். ஆனால் இவற்றில் பல, கிட்டத்தில் போகஸ் செய்யும்போது 300இன் நெருக்கத்தைத் தராது. நாலடி தூரத்தில் உள்ள பூவை 300இல் வைத்து எடுத்தாலும் எதிர்பார்த்ததைவிடச் சிறிதாகவே விழும். கோளாறு இல்லை, அந்த வடிவமைப்பே அப்படி.

எது வேண்டும் என்பதை உங்கள் பழைய படங்களே சொல்லும். கடைசி 500 படங்களின் போகல் லெங்த்தை, அதாவது எடுத்தபோது ஜூம் எந்த மி.மீ.யில் இருந்தது என்பதைப் பாருங்கள். பாதிக்கு மேல் 55இல் முட்டி நின்றால் 55-250 அல்லது 70-300 வாங்குங்கள். 18இலேயே கிடந்தால் 10-20 மாதிரி வைடு லென்ஸ். நடுவில் பரவியிருந்து, பெரும்பாலும் உள்ளரங்கப் படங்கள் என்றால், தயங்காமல் 17-50 எஃப் 2.8.

வாங்கும் முன் பொருத்தம் பாருங்கள். நிக்கான் டி3000, டி5000 வரிசை பாடிகளில் போகஸ் மோட்டார் கிடையாது, அதனால் தனக்குள் மோட்டார் இல்லாத பழைய ஏஎஃப்-டி வகை லென்ஸ் மாட்டினால் கையால்தான் போகஸ். சிறிய சென்சார் கேமராக்களுக்கான கேனன் இஎஃப்-எஸ் லென்ஸ், பெரிய சென்சார் கொண்ட அவர்களுடைய ஃபுல் ஃப்ரேம் டிஎஸ்எல்ஆரில் ஏறாது.

வாங்கியதும் முதல் வேலை சோதனை. செங்கல் சுவருக்கு நேராக ட்ரைபாட், ஸ்டெபிலைசர் ஆஃப், அப்பர்ச்சர் முழுத் திறப்பு, லைவ் வியூவில் (கேமராவின் பின்திரையில் பார்த்து) நடுவே போகஸ், 2 நொடி டைமர். குறைந்த, நடு, அதிக போகல் லெங்த் மூன்றிலும் ஒவ்வொரு படம். நான்கு மூலைகளும் ஒரே அளவில் லேசாக மங்கினால் கவலை வேண்டாம். ஒரு மூலை மட்டும் குழைந்திருந்தால் கேமரா சுவருக்கு நேராக இருந்ததா என்று பார்த்து இன்னொரு முறை எடுங்கள், கொஞ்சம் சாய்ந்திருந்தாலும் இப்படித்தான் தெரியும். மறுபடியும் அதே மூலை என்றால் உள்ளே கண்ணாடி மையம் விலகியிருக்கிறது, மாற்றித்தரச் சொல்லுங்கள். லைவ் வியூவில் எடுத்த படம் கூர்மையாக வந்து, வியூஃபைண்டர் வழியே போகஸ் செய்து எடுத்த படம் மட்டும் மங்கினால் அது போகஸ் விலகல். அதைத் திருத்தும் வசதி தொடக்கநிலை பாடிகளில் பெரும்பாலும் இருக்காது, பாடியும் லென்ஸும் சேர்ந்தே சர்வீஸுக்குப் போக வேண்டும்.