மரத்தை மட்டும் எண்ணினால் போதுமா?

காடு வெட்டின இடத்தில் மரம் நட்டால், வெளியேறின கார்பன் திரும்பச் சேர்ந்து கணக்கு நேராகிவிடும் என்கிற மாதிரி உங்கள் கட்டுரையில் எழுதியிருக்கிறீர்கள், சரி, மண்ணை ஏன் விட்டுவிட்டீர்கள்? உலகம் முழுக்க மண்ணின் மேல் 1 மீட்டரிலேயே சுமார் 1,500 பில்லியன் டன் கார்பன் கிடக்கிறது, காற்றில் இருப்பதைவிட அதிகம். மண்ணில் எவ்வளவு கார்பன் தங்கும் என்பது அங்கே என்னென்ன செடி, மரம் வளர்கிறது என்பதையும் பொறுத்தது: மறுபடி வளரும் வெப்பமண்டலக் காட்டில் ஒரு செடியின் மெல்லிய இலை சீக்கிரம் மட்கி நுண்ணுயிர்களுக்குத் தீனியாகும், இன்னொன்றின் தடித்த இலை மெதுவாகத்தான் மட்கும், ஒன்றின் வேர் மேலாகவே பரவும், வேறொன்று ஆழத்துக்கு இறங்கும், அப்புறம் பயறுக் குடும்பத்து மரங்கள் பல தழைச்சத்தைச் சேர்க்கும். செத்த நுண்ணுயிர்களின் எச்சம் களிமண் துகளில் ஒட்டிக்கொண்டால் அதிலுள்ள கார்பன் பல பத்தாண்டுகள்கூட மண்ணைவிட்டு அசையாது. இந்தக் கலவை எதுவும் இல்லாமல் தைல மரத்தை மட்டும் வரிசையாக நட்டுவிட்டு அதையும் காடு என்று கணக்கில் ஏற்றுவதைத்தான் என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை.